ஜால்ரா கேட்காத காது

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரின் பூன் லே பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகும்போதே உடம்பு கெஞ்சியது. துவாஸில் கப்பல் கட்டும் ஷிப்யார்டு ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வெல்டிங், கிரைண்டிங் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நண்பர் பாட்டுக் கேட்கப் புதிதாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருந்தார். பழையதா, புதியதா, எது நன்றாகப் பாடுகிறது என்று நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது ஆள் தேக்காவில் தையல் கடை வைத்திருப்பவர். எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் நியாயம் என்றார். அதனால் இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கும் முன்னால் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். அதன் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போடும் வேலையை நண்பரின் மனைவி ஏற்றுக்கொண்டார்.

போட்டது ஒரு பழைய பஜனை இசைத்தட்டு.

"ரெண்டாவதுல ஜால்ரா தனியா நிக்குது லா," என்றார் தையல்காரர். "ஒவ்வொரு தட்டும் அடங்குற வரைக்கும் கேக்குது."

நண்பர் தலையாட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் குரல் கேட்டது, மிருதங்கம் கேட்டது, ஹார்மோனியம் கேட்டது. ஜால்ரா இல்லவே இல்லை. அந்த இசைத்தட்டு எனக்கு மனப்பாடம். அதில் ஜால்ரா உண்டு.

"ரெண்டாவதுதான்," என்றேன். தூக்கக் கலக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாலைந்து சுற்றிலும் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். பிறகு விரிப்புக்குப் பின்னாலிருந்து நண்பரின் மனைவி என்னிடம் முதலில் கேட்டார்.

"இப்ப ஜால்ரா எப்படிண்ணே?"

"நல்லா தெளிவா இருக்கு."

"எனக்குக் கேக்கலையே," என்றார் தையல்காரர்.

நண்பரின் மனைவி சிரித்தபடி வெளியே வந்தார். "சும்மா வெளையாட்டுக்கு ட்ரெபிள முழுசா கொறச்சுட்டேன்ணே, ஜால்ரா யாருக்குமே கேக்காது." என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பொய்யை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. "எனக்கு மொதல்லேருந்தே கேக்கல," என்றேன்.

நண்பர் எழுந்து பாட்டை நிறுத்தினார். "எவ்ளோ நாளா?"

"தெரியல."

"வேலையில காதுக்கு இயர் பிளக் போடுறது இல்லையா?"

"போடுவேன். யாராச்சும் கூப்பிட்டா கேக்காதுன்னு பாதி நேரம் கழட்டிடுவேன்."

"நாளைக்கே பாலிகிளினிக் போய் டாக்டர்கிட்ட காதக் காட்டு," என்றார். தையல்காரர் என் தேநீரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பாலிகிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். சோதித்த பெண் பிறகு தாளைக் காட்டினாள். என் காது கேட்ட அளவைக் காட்டும் கோடு பாதியில் சரிந்து கீழே போயிருந்தது. மெல்லிய உயர்ந்த ஒலிகள் போய்விட்டன, திரும்பாது, காதில் கருவி மாட்டினால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றாள். எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் தாளை மனைவியிடம் கொடுத்தேன். கோடு சரிந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"நான் கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டீங்க," என்றாள். "டயர்டா இருக்கீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு நானே பேசுறத கொறச்சுக்கிட்டேன்."

எத்தனை வருடமாக என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போவதைப் பற்றி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அவ்ளோ மெதுவா வேணாம்," என்றேன்.

எனக்குக் கண் சொக்கியது. ஆனாலும் அவள் உதடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.