என் மேஜைக்கு வராத பொம்மை

“இந்தப் பொம்மை உன் டேபிளுக்கு வரும்னு எனக்குத் தோணல மா” என்று என் டீம் லீட் சொன்னது, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அவர் கையில் ஒரு திருஷ்டி பொம்மை இருந்தது. முறுக்கிய மீசை, உருட்டிய கண்கள், இரண்டு பக்கமும் கோரைப்பல், நடுவில் தொங்கும் சிவப்பு நாக்கு. சாப்பாட்டுத் தட்டு அளவு பிளாஸ்டிக் முகம். பெங்களூர் சிவாஜி நகரில் ஏதோ ஒரு கடையில் வாங்கியதாம். எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். அவர் பலகை அடிக்கும் பாதிக் கட்டடங்களின் முன்னால் இந்த முகம் தொங்கும். வீடு முடிந்து பால் காய்ச்சியதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதே முகம் இங்கே, வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், ஏசிக் குளிரில், யாரோ ஒருவருடைய மானிட்டரின் மேல் உட்காரப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கட்டடம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் எழுதும் புரோகிராம் கோடை ஒன்றாகச் சேர்த்து, ஒரு இயந்திரம் ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் சுவரில் உள்ள திரை பச்சையாக இருக்கும். ஒருவர் எழுதியது தப்பானால் மொத்தமும் நின்று திரை சிவப்பாகும். ‘பில்ட் உடைந்தது’ என்பார்கள். யார் பெயரில் உடைந்ததோ அவருடைய மேஜைக்குப் பொம்மை போகும். அதோடு நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு படம் எடுத்து டீம் குழுவில் போட வேண்டும். அடுத்தவர் உடைக்கும் வரை பொம்மை அங்கேயே இருக்கும். மற்ற டீம்களில் இப்படி எதுவும் கிடையாது. இது எங்கள் லீட் ஏற்படுத்திய வழக்கம்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. விவேக் நகர்க்காரர். பிறந்தது முதல் பெங்களூர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. என்னால் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட முடிந்தது. ஒவ்வொரு முறையும் “சாரெல்லாம் ஸ்கூல்ல விட்டுட்டு வா மா” என்பார். அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கங்களை அவரைப் போலக் கிண்டல் செய்தவர் யாரும் இல்லை. காலையில் நின்றுகொண்டே நடத்தும் மீட்டிங்கை, “ரேஷன் கடை க்யூ, அரிசிதான் இல்ல” என்பார். ‘நாம் ஒரு குடும்பம்’ என்று சுவரில் எழுதியிருந்த இடத்தின் கீழே நின்று, “எந்தக் குடும்பத்துல வருஷா வருஷம் ரேட்டிங் போடறாங்க குரு?” என்று கேட்பார். மீட்டிங் அறைகளுக்கு நதிகளின் பெயர். மற்றதெல்லாம் கண்ணாடி அறைகள். ‘காவேரி’க்கு மட்டும் நான்கு பக்கமும் சுவர். வேலையை விட்டு அனுப்புவதென்றால் அங்கேதான் கூப்பிடுவார்கள். “காவேரின்னு பேரு வச்சா தமிழன், கன்னடன் ரெண்டு பேரும் அழுதுட்டுத்தான் வெளிய வரணும்” என்பது அவருடைய பழைய ஜோக். நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரித்தோம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்தும் போடத் தெரியாது. கம்ப்யூட்டர் மேல் எனக்கு வந்த பிரியத்துக்குக் காரணம் சம்பளமோ ஏசியோ இல்லை. நான் தப்பு செய்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று திட்டாமல் சொன்ன முதல் வாத்தியார் அது. தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொள்ளவும் விட்டது. அதனால்தான் உடைத்தவரை ஊருக்குக் காட்டும் அந்தப் பொம்மை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வரி எழுதினால் பத்து முறை சரிபார்ப்பேன். லீட் சொன்னது இதைப் பார்த்துத்தான். “இவ்ளோ பயந்தா நீ எங்க உடைக்கப் போற?” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அது பாராட்டு இல்லை என்று புரிய வெகு நாளாயிற்று.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் தாங்களே கோடைச் சேர்க்க அனுமதி கிடையாது. நாங்கள் எழுதியதை லீட் தன் பெயரில் சேர்ப்பார். இரண்டாவது மாதமே நான் எழுதிய ஒன்று உடைந்தது. திரை சிவப்பானது, அவர் பெயர் வந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, “சும்னிரு மா, உக்காரு. பேரு யாருதோ பொம்மை அவருது. அதான் ரூல்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாக்கைத் துருத்திப் படம் எடுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உட்கார்ந்தும்விட்டேன்.

இதுவரை யாரிடமும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னுடையது. ஆறு மாதம் முடிந்து எனக்கு அனுமதி வந்தது. வந்த பிறகும், சந்தேகமாக இருந்த மாற்றங்களை மட்டும், “சார், நீங்க ஒரு தடவ பாத்துட்டு சேத்துடுங்களேன்” என்று அவரிடமே அனுப்பினேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. சேர்த்தார். அவற்றில் சில உடைந்தன. பொம்மை அவர் மேஜைக்குப் போனது. இரண்டு வருடம் என் பெயரில் ஒரு படம்கூடக் குழுவில் இல்லை. அதை நான் காக்ஸ் டவுனில் இருக்கும் என் தோழியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

போன வருடக் கடைசியில் டீம் அவுட்டிங் வந்தது. அதற்காக விளையாட்டாக ஒரு பக்கம் செய்தேன். யார் பெயரில் எத்தனை முறை உடைந்தது, பொம்மை யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதை இயந்திரத்தின் பதிவுகளிலிருந்து தானே எடுத்துக் காட்டும் பக்கம். முதலிடத்தில் இருப்பவர் தலையில் கிரீடம். அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லாமல், யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாகச் செய்த முதல் வேலை அதுதான். லீட் பத்தொன்பது முறையோடு முதலிடத்தில் இருந்தார். கிரீடம் வைத்த தன் படத்தை அன்றே தன் புரொஃபைலில் போட்டுக்கொண்டார். வீட்டில் அம்மாவுக்கும் காட்டினேன். அம்மா திரையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“இதுல உன் பேரு எது?”

“என் பேரு இல்ல மா. இல்லாததுதான் நல்லது.”

“நீ செஞ்சதுன்ற. உன் பேரே இல்லன்ற” என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜனவரியில் எங்கள் பிரிவுக்குப் புதிய மேனேஜர் வந்தார். நல்ல மாதிரியாகப் பேசுபவர். என் பக்கத்தை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். லிங்க் கேட்டார், கொடுத்தேன். மகிழ்ச்சியோடுதான் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை எல்லா மாடிக்கும் பீட்சா வந்தது. காரணம் சொல்லாமல் பீட்சா வந்தால் ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகிவிட்டது என்று பழையவர்களுக்குத் தெரியும். எங்கள் டீமில் நான்கு பேரைக் காவேரிக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் லீட். அவர் உள்ளே இருந்தபோதே அவருடைய லேப்டாப் பூட்டப்பட்டுவிட்டது.

அழவில்லை. வெளியே வந்து, தண்ணீர் பாட்டிலையும் பொம்மையையும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். நானும் கூடவே கீழே போனேன். வாசலில் செக்யூரிட்டி பொம்மையைப் பார்த்தார்.

“சார், இதுக்கு கேட் பாஸ்?”

“இது என்னோடது குரு. நான் வாங்கினது.”

“பில் இருக்கா சார்?”

“திருஷ்டி பொம்மைக்கு யாருப்பா பில் குடுக்கறான்?”

செக்யூரிட்டிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. அவர் வேலை அவருக்கு. கேட் பாஸில் லீட்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எங்கள் லீட் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அடையாள அட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். பொம்மையை என்னிடம் நீட்டினார். “மேல என் டேபிள்லயே வச்சிடு மா” என்றார். உன் மேஜையில் வைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுவாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி அறைக்குத்தான். “உங்க பேஜ் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு. யாரை வச்சுக்கணும், யாரை விடணும்னு ஒரு கிளியர் பிக்சர் கிடைச்சுது” என்றார். எல்லா டீமுக்கும் அதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

“சார், அந்தப் பத்தொன்பதுல பதினாலு நான் உடைச்சது. அவர் பேர்ல போச்சு.”

அவர் கனிவாகச் சிரித்தார். “லாயல்டி நல்ல விஷயம்தான். ஆனா சிஸ்டம்ல அப்படி இல்லையே.”

இது பொய் இல்லை. சிஸ்டத்தில் அப்படி இல்லை. அப்படி இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

ஒரு ஞாயிறு காலை லீடைப் பார்க்க விவேக் நகர் போனேன். கோவில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். அவர் மனைவியும் மகளும் முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். சற்று இளைத்திருந்தார். தெருமுனைக் கடையில் காபி வாங்கிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் நிறுத்தாமல் கேட்டார்.

“தெரியும் மா. காவேரில உன் பேஜத்தான் பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினாங்க. கிரீடத்தோட.” காபியை ஆற்றினார். “நல்ல பேஜ். லோடாகத்தான் கொஞ்சம் லேட்டாகுது.”

திட்டியிருக்கலாம். வேலை தேடுகிறீர்களா என்று கேட்டேன். ஆரம்பத்தில் தேடினாராம். கூப்பிடுகிறவர்கள் வயதைப் பார்த்ததும் திரும்பக் கூப்பிடுவதில்லையாம். இப்போது மெயிலைத் திறப்பதில்லை என்றார். ஜோக் எதுவும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன்.

அலுவலகத்தில் அவருடைய மேஜை காலியாகவே இருக்கிறது. பொம்மை அங்கே உட்கார்ந்திருக்கிறது. தினமும் துடைக்கிறவர்கள் அதையும் துடைத்து வைக்கிறார்கள். பட்டியலுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்தார்கள். பாதிக் கோடை அதுதான் எழுதுகிறது. அதுவும் உடைக்கிறது. உடைத்தால் மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்கிறது. அதற்கு மேஜை இல்லை, அதனால் பொம்மை போக இடம் இல்லை. குழுவில் படம் வந்து மாதங்கள் ஆகின்றன. அடுத்த பட்டியல் ஒன்று வருகிறது என்கிறார்கள். அதற்கு என் பக்கம் வேண்டுமாம், எல்லா டீமுக்கும், வெள்ளிக்கிழமைக்குள்.

செய்து கொடுத்தேன். பரீட்சைத் தாளில் பெயர் எழுதாமல் எதையும் தொடாதே என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். அதனால் நான் எழுதிய ஒவ்வொரு மாற்றத்தின் முதல் வரியிலும் என் இனிஷியல் இருக்கும். லீட் அதை அழிக்காமல் அப்படியே சேர்த்திருந்தார். சேர்த்தவரை விட்டுவிட்டு, எழுதியவரைக் கணக்கில் எடுக்கும்படி பக்கத்தை மாற்றினேன். அவருடைய பத்தொன்பது ஐந்தாகக் குறைந்தது. என் பெயர் பதினான்கோடு மேலே ஏறியது. கிரீடம் தானாக என் தலைக்கு வந்தது. லிங்கை மேனேஜருக்கும், மொத்தப் பிரிவுக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன். இதனால் அவருக்கு வேலை திரும்ப வராது. அது எனக்குத் தெரியும்.

பிறகு அந்தக் காலி மேஜைக்குப் போய்ப் பொம்மையை எடுத்து வந்து என் மானிட்டரின் மேல் வைத்தேன். நாக்கைத் துருத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். “பில்ட் பச்சையாத்தான இருக்கு? நீ என்னடி உடைச்ச?” பழையது என்றேன். குழுவில் லீட் இல்லை. வேலையை விட்டுப் போனவர்களைச் சிஸ்டம் தானே நீக்கிவிடும். அவருக்கு அந்தப் படத்தைத் தனியாக அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு மறுபடி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தேன்.

“இதுவா உன் பேரு? எல்லாருக்கும் மேல இருக்குதே” என்றாள். விரலை எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங் என்று அழைப்பு வந்திருக்கிறது. இடம் காவேரி. ‘வருகிறேன்’ என்பதை அழுத்திவிட்டேன். என் அட்டை இன்னும் வேலை செய்யும்போதே, வெள்ளிக்கிழமை மாலை, கீழே போய் ஒரு கேட் பாஸ் எழுதி, இப்போதைய லீடிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பொருளின் விவரம் என்ற இடத்தில், ‘பொம்மை ஒன்று, மீசை உள்ளது’ என்று எழுதியிருக்கிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் விவேக் நகர்க்காரரின் பெயர்.