எங்களுக்கு முன்னால் மலையேறிய சைக்கிள்கள்

ஆசைப்பட்டு ஒரு மேட்டில் சைக்கிள் மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் பக்கத்தில் அது லேசில் நடக்கிற காரியமில்லை. மிதிப்பதுகூட கஷ்டமில்லை... மிதிக்க விடமாட்டார்கள்!

போன வாரம் நானும் கஸ்தூரியும் கிளம்பினோம். கஸ்தூரி, கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவள். வெளிநாட்டுக்காரர்கள் நாள்கணக்கில் சைக்கிளிலும் நடந்தும் போகிற நீண்ட பாதைகளை மொபைலில் பார்த்துப் பார்த்து, எங்களுக்கென்று நாங்களே ஒரு ரூட் போட்டோம். எலவனாசூர்கோட்டையில் ஆரம்பம். ஏரிக்கரை, கரும்புத் தோட்டம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து ராத்தங்கல். மறுநாள் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை.

எனக்கு இது பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படியில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளை வீட்டில் யாரும் நடக்க விடுவதில்லை. நன்றாக நடக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும்தான் சொல்லவில்லை. கல்லாவில் மெத்தை போட்ட நாற்காலி, கை நீட்டினால் தண்ணீர், கூப்பிட்டால் ஆள். "முடியலைன்னா ஒரு போன் பண்ணு, கார் அனுப்பறேன்" என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வழியனுப்பினார். வழியில் எந்த வண்டியில் ஏறினாலும் அந்த நாற்காலி நிரந்தரம். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

வழியெல்லாம் உபசாரம்! கரும்பு டிராக்டர் நிற்கிறது. பால் வண்டி நிற்கிறது. பைக்கில் எங்களைத் தாண்டிப் போன ஒருவர், மனசு கேட்காமல் திரும்பி வந்து விசாரித்தார். இரண்டு பெண்கள் மலைரோட்டில் மூச்சு வாங்க சைக்கிள் தள்ளினால் ஏதோ சங்கடம் என்றுதான் அர்த்தம். சந்தோஷத்துக்கு ஏறுகிறோம் என்றால் யார் நம்புவார்?

பாதி மலையில் ஒரு டீக்கடை. சைக்கிள்களைக் கடையோரம் சாத்திவிட்டு, கீழே ஓடையில் முகம் கழுவப் போனோம். திரும்பி வந்தால்... சைக்கிள்களைக் காணோம்.

டீக்கடைக்காரர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"மேல போற மினி லாரி வந்துச்சுங்க, ஏத்தி அனுப்பிட்டேன். வெள்ளிமலைல கடையாண்ட எறக்கி வெச்சிடுவாங்க. நீங்க இன்னாத்துக்கு கஷ்டப்படணும்? பஸ்ல குந்திக்கினு போங்க."

இவரிடம் எப்படிக் கோபப்படுவது? பஸ்ஸும் வந்தது. டீக்கடைக்காரரே கை காட்டி நிறுத்தினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

"நீங்க போங்கக்கா. நான் நடந்து வர்றேன்" என்றாள் கஸ்தூரி.

காலை எடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

துப்பட்டாவை முட்டியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். வளைவுக்கு வளைவு ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி நடந்தாள். எனக்குப் பயமாகவே இருந்தது. முட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்? ஒரு கட்டத்தில் தாங்காமல் போனை எடுத்து நீட்டினேன். வாங்கினாள்... ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கஷ்டப்படுகிறவருக்குக் கை கொடுப்பதில் நம் மக்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாருங்கள், கல்லாவில் மெத்தை போட்டவர்களும் லாரியில் சைக்கிள் ஏற்றியவரும் ஒரே ரகம்தான். அன்பு ஜாஸ்தி. 'வேணுமா?' என்று கேட்பதுதான் கம்மி.

வெயில் தாழ வெள்ளிமலை வந்து சேர்ந்தோம். சைக்கிள்கள் கடை வாசலில் சொகுசாக நின்றிருந்தன. கஸ்தூரி தன் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள், கூடவே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சைக்கிளு லாரில வந்துச்சு, நீங்க நடந்து வர்றீங்க. வேண்டுதலாம்மா?"

"ஆமாங்க" என்றாள் கஸ்தூரி, முட்டிக் கட்டை அவிழ்த்துக்கொண்டே.

"எந்த சாமிக்கு?"

"எங்க வூட்ல மூணு சாமிங்க இருக்குதுங்க. குந்து, குந்துன்னே சொல்லிக்கினு இருக்கும். அதுங்களுக்குத்தான்."

அந்த அம்மா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.