சாராள் வைத்த நாற்று முடி

சாராளுக்கு வாய் நீளம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவளோடு நடவுக்குப் போனவர்கள். அவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நானும் அந்த மீதியில் ஒருத்தி.

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில்தான் எங்கள் பிழைப்பு. சாராள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனை பாடுவாள், மற்ற நாளெல்லாம் சேற்றில் பாடுவாள். அவள் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால் வரிசை முழுக்கத் திருப்பிச் சொல்லும். எதைப் பார்த்தாளோ அதைப் பாடினாள். கூலியைக் குறைத்தவன், கிணற்றுப் பக்கம் எங்களை அண்டவிடாதவன் எல்லாரும் அவள் பாட்டில் வந்து அவமானப்பட்டுப் போயிருக்கிறார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஏரிக்கு மேட்டில் சாயப் பவுடர் செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. அதன் கழிவுத் தண்ணீர் ஏரியில் இறங்கியது. சில வருஷங்களில், நடவுக்கு இறங்கிய பெண்களின் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அதே காலோடு மறுநாள் அதே சேற்றில் இறங்க வேண்டும். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். அது வெறும் சேற்றுப்புண், எப்போதும் வருவதுதான் என்றது கம்பெனி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்து மூன்றில், நவரைப் போகத்து நடவின்போது, தாலுகா அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாளே நிலக்காரர் பூவராகவன் சாராளைக் கூப்பிட்டார்.

"தோ பாரு சாராளு, நாளைக்கு வாயத் தொறக்காத. தொறந்தியினா இனிமே என் நெலத்துல உனுக்கு வேலை கெடையாது."

"நடவுல பாடாம இன்னா பண்றது, குந்திக்கினு அழுவவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரியும் கம்பெனி மேனேஜரும் வரப்பில் நடந்து வந்தார்கள். "தண்ணியில ஒண்ணுமே இல்ல சார், இவங்க சும்மா கெளப்பி விடறாங்க" என்று மேனேஜர் சொல்வது எங்கள் காதில் விழுந்தது. சாராள் நிமிர்ந்தாள். நடுவதற்குக் கட்டுக் கட்டாய் வைத்திருந்ததில் ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர் பூட்ஸுக்கு முன்னால் வரப்பின் குறுக்கே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம். நடவு நேரத்தில் வரப்பில் வருகிறவர் முன்னால் நாற்று முடியை வைத்துப் பாடுவோம். கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் தாண்ட வேண்டும். கொடுக்கிற வரை அந்த முடியை யாரும் எடுக்கவும் கூடாது. வழக்கமாக வெற்றிலை பாக்குக்குக் காசு கேட்போம். மேனேஜருக்கும் அது தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டார்.

சாராள் எடுத்தாள்:

மேட்டு மேல கம்பெனி மினுமினுங்குது
பள்ளத்துல எங்க பாதம் வெந்து போவுது
காசு பணம் நாங்க கேக்கல – தொரையே
காலு வச்சுச் சேத்துல நில்லு கொஞ்சம்
சோறு போடும் சேத்துல – தொரையே
பூட்சு கழட்டிட்டு நில்லு கொஞ்சம்

பூவராகவன் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நாங்கள் இன்னும் உரக்கத் திருப்பிச் சொன்னோம்.

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே. ரெண்டு நிமிஷம் எறங்கி நின்னுட்டு வாங்களேன்."

மேனேஜர் குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தொட்டார். தண்ணீரைப் பார்த்தார், எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வந்த வழியே திரும்பி நடந்தார். அதிகாரிக்கு அந்தச் சாட்சி போதுமானதாக இருந்தது.

அந்தப் போகம் முழுக்கக் கழிவுத் தண்ணீரை நிறுத்தி வைத்தார்கள். பூவராகவனும் சொன்னபடி சாராளை நிறுத்தினார். அவள் இல்லாமல் நாங்களும் இறங்க மாட்டோம் என்று கரையிலேயே உட்கார்ந்தோம். நாற்றங்காலில் மிச்ச நாற்று முற்றிப் பழுக்க ஆரம்பித்ததும் அவரே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். ஆனால் அடுத்த மழையோடு கம்பெனி மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடவின் முதல் நாளும் சாராள் ஒரு நாற்று முடியைக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வயலுக்கு வருவாள். மேனேஜரின் கார் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அதை எடுத்துத் தூரப் போடச் சொல்லி அவர் கத்துவார். வாட்ச்மேன் தணிகாசலம் எங்கள் ஊர்க்காரன்.

"அவங்க கேட்டத நீங்க இன்னும் தர்லியே சார்" என்று சொல்லிவிட்டு, அவன் பின்கேட்டைத் திறக்கப் போவான்.