கொன்ஸ்ரன்ரைனின் இரட்டைப் பரல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்தால், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கோபம். வந்தால், இவ்வளவு நேரமும் எங்கே போயிருந்தது என்று கோபம். துறைமுகத்தில் கப்பல் திருத்தும் இடத்தில் இருபத்தெட்டு வருட வேலை. கொதிநீராவி ஓடும் குழாய்களின் சூடு வெளியே போகாதபடி பஞ்சு சுற்றித் தகடு அடிப்பது அவருடைய தொழில். அவர் சுற்றிய குழாயில் கையை வைத்தால் உள்ளே நீராவி ஓடுவதே தெரியாது என்று மேற்பார்வையாளர்களே சொல்வார்கள். தன்னுடைய சூட்டை மட்டும் அந்த மனிதருக்கு மூடி வைக்கத் தெரியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் அந்தக் கோபத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. வானம் பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, நாளைக்கு எட்டு மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். உயிர்த்த ஞாயிறுக்கென்று வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கிய பன்றி இறைச்சி முழுவதும் நாறிப்போயிற்று. மனைவி மாக்ரெட் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடதாசியில் சுற்ற, கொன்ஸ்ரன்ரைன் குசினிக்குள் நின்று அரசாங்கத்தையும் மழையையும் ஃப்ரிட்ஜ் செய்த கொம்பனியையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். பிறகு, இனிமேல் இறைச்சியைக் கரண்டை நம்பி வைப்பதில்லை, புகை போட்டு வைப்பதென்று முடிவெடுத்தார். கப்பல் சமையல்காரர்கள் பரல் என்கிற இரும்புப் பீப்பாய்க்குள் கரி போட்டு இறைச்சியை மணிக்கணக்காகப் புகையில் வாட்டுவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தின்றும் இருக்கிறார்.

ஆனால் கண்ட பரலை எடுத்துக் கரி போடுகிற ஆளா அவர்? பஞ்சிகாவத்தையில் முஸ்லிம் வியாபாரி பௌஸியின் பழைய இரும்புக் கடைக்கு மூன்று சனிக்கிழமை போனார். பௌஸி முதலில் பழுதான ஃப்ரிட்ஜ் ஒன்றைக் காட்டினார். சுவர் நல்ல தடிப்பு, சூடு நிற்கும் என்றார். உள்ளே பிளாஸ்டிக், புகையோடு அதையும் தின்னவா என்று கொன்ஸ்ரன்ரைன் சீறினார். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியைக் காட்டினார். சூடானால் அதிலிருந்து கிளம்பும் புகை நஞ்சு என்று தள்ளிவிட்டார். ஒற்றைப் பரல் வேண்டவே வேண்டாம். காற்றடித்தால் குளிரும், வெயிலடித்தால் கொதிக்கும், கரியை மூட்டை மூட்டையாக விழுங்கும். கடைசியில் பெரிய எண்ணெய்ப் பரல் ஒன்றையும், அதற்குள் சுற்றிவர இரண்டு அங்குல இடைவெளி விட்டு இறங்கக்கூடிய துருப்பிடிக்காத உருளை ஒன்றையும் தேர்ந்தெடுத்தார்.

"பண்டி இறைச்சி போடத்தானே, சொல்லுங்களேன்" என்றார் பௌஸி. "எனக்கு இரும்பு வித்தாச் சரி."

"மீன்" என்றார் கொன்ஸ்ரன்ரைன், முகம் சிவந்து.

பின்வளவில் பரலை நெருப்பிட்டு எரித்து எண்ணெய் வாடையைப் போக்கினார். இரண்டு உருளைக்கும் இடையில் கண்ணாடிப் பஞ்சு. அடியில் கரிக்கூடை, அதற்குமேல் தண்ணீர்த் தட்டு, அதற்குமேல் இறைச்சிக் கம்பி. கீழே காற்று நுழைய மூடித் திறக்கும் துவாரம், மேலே புகைபோக்கி, மூடியில் கப்பலிலிருந்து கழித்த வெப்பமானி. ஒரு கூடை சிரட்டைக்கரி எட்டு மணித்தியாலம் நின்று எரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. துவாரம் வெட்டிப் புகைபோக்கி ஒட்டுவதற்கு வெல்டிங் கடைக்குச் சரியான அளவு கொடுக்க வேண்டும். அங்கேதான் மாஸ்டர் வருகிறார்.

மாஸ்டர் என்பது ஸ்ரீஸ்கந்தராசா. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பப் பாடசாலையில் வரைதல் படிப்பித்தவர். போன வருடம் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோது கிளம்பி, எப்படியோ கொழும்பு வந்து, இவர்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். மனைவி கௌரியும் மகளும் இலண்டனில். மாஸ்டருக்கு விசா நேர்முகம் அடுத்த வியாழக்கிழமை என்று குறித்திருந்தது. அறையைக் கொடுத்தது மாக்ரெட். கொன்ஸ்ரன்ரைனுக்கு அதிலும் கோபம். "இவங்கள் வந்து வந்துதான் எங்களுக்கும் கரைச்சல்" என்பது அந்த வீட்டில் காலைத் தேநீரோடு வருகிற பேச்சு. அவரும் தமிழர்தான், ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து, இங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, சிங்களப் பையன்களோடு கிரிக்கெட் அடித்து வளர்ந்தவர். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுக்குமுன் சிங்களத்தில் ஒரு பகிடி விடுவார். சிப்பாய் சிரித்து, போங்க அங்கிள் என்பான். சந்தேகம் என்பது வடக்கிலிருந்து வந்தவர்கள் மேல் விழுகிற மழை, தன்மேல் ஒரு துளியும் படாது என்று அவர் மனமார நம்பினார்.

இத்தனைக்கும் மாஸ்டரோடு பரல் விஷயத்தில் நன்றாக ஒத்துப்போனது. மாஸ்டர் மூன்று நாள் குந்தியிருந்து அழகான படம் ஒன்று கீறிக் கொடுத்தார். குறுக்குவெட்டு, அளவு, அம்புக்குறி, எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர். வெளி உருளை, உள் உருளை, இடையில் நிரப்பு, காற்று வாயில், வெப்பமானி. பார்த்த கொன்ஸ்ரன்ரைனுக்கே சந்தோஷம் வந்து, உடனே அதை மறைக்க ஒரு செருமல் செருமினார்.

வெள்ளிக்கிழமை காலை வெல்டிங் கடைக்குப் பதினொரு மணிவரைதான் கரண்ட். கொன்ஸ்ரன்ரைனுக்கு வேலை. படத்தை மாஸ்டரிடம் நீட்டினார்.

"குடுத்திட்டு வாங்கோ மாஸ்டர்."

மாஸ்டர் தயங்கினார். "சந்தியில ஆமி நிக்குது அண்ணை. நேர்முகம் முடியுமட்டும் நான் வெளியில போறேல்லை எண்டு..."

"உங்களுக்கெல்லாம் சும்மா பயம். மறிச்சா என்ர பேரைச் சொல்லுங்கோ. இந்த ஏரியாவில கொன்ஸ்ரன்ரைன் எண்டாத் தெரியாத ஆள் இல்லை."

மறித்தார்கள். மாஸ்டர் கொன்ஸ்ரன்ரைனின் பெயரைச் சொன்னாராம். சிப்பாய்க்கு அந்தப் பெயரும் தெரியவில்லை, தமிழ் எழுத்தும் தெரியவில்லை. உருளைக்குள் உருளை, நடுவில் எதையோ நிரப்பச் சொல்கிற அம்புக்குறி, ஒரு மானி. யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டை. ஜனவரியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்துச் சனம் செத்த ஊர். மாஸ்டரை அப்படியே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

பின்னேரம் செய்தி கேட்ட கொன்ஸ்ரன்ரைன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பொலிசுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் இளைஞர், சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். மரியாதையாகவே நம்ப மறுத்தார்.

"இறைச்சி வாட்டுகிற அடுப்புக்கு யாராவது இப்படிப் படம் கீறுவார்களா அங்கிள்?"

"நான் கீறுவேன்!"

"அப்படியானால் அடுப்பைக் காட்டுங்கள். எரித்துக் காட்டுங்கள். திங்கட்கிழமை மத்தியானம் வருகிறேன். பின்னேரம் நான் தடுப்புக் கட்டளைக்கு எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஆளைத் தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ, என் கையில் இல்லை."

கையில் இரண்டரை நாள். இனி வெல்டிங் கடைக்காரன் அந்தப் பரலைத் தொடுவானா? படத்தின் கதை தெருவெல்லாம் பரவி, கடைக்காரன் கொன்ஸ்ரன்ரைனைக் கண்டதும் கதவைச் சாத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சனியனைக் கொண்டுபோய் களனி ஆற்றில் போடச் சொன்னார்கள். மாக்ரெட்டும் அழுதுகொண்டு அதையேதான் சொன்னாள்.

"ஆத்தில போட்டா மாஸ்டர் உள்ளுக்கதான்! விளங்குதா உங்களுக்கு?" என்று அவர் கத்திய கத்தலில் கூரையில் நின்ற காகம் பறந்தது. "என்ர வளவில நான் இறைச்சி சுடவும் இவங்களிட்டப் பெர்மிஷன் கேக்கோணும். என்ன நாடடா இது!"

வெல்டிங் இல்லாமலே செய்தார். துவாரங்களை உளியால் வெட்டி, அரத்தால் தேய்த்து, புகைபோக்கியை ஆணியறைந்து பொருத்தி, இடுக்குகளைக் கப்பல் பசையால் அடைத்தார். விரல்கள் கிழிந்தன. கண்ணாடிப் பஞ்சு கழுத்தெல்லாம் ஏறி அரித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோவில் மணி அடித்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாகப் போகாமல், பரலுக்குள் தலையைவிட்டு ஆமியைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டுகளுக்கு நடுவில், பெயர் சொல்லச் சொன்ன தன் வாய் நினைவுக்கு வரும்போதெல்லாம் சுத்தியல் அடி இன்னும் பலமாக விழுந்தது.

திங்கள் விடிந்ததும் பேலியகொடைப் பக்கம் போய் ஆறு றாத்தல் பன்றித் தொடை வாங்கி வந்து, உப்பும் மிளகும் தேய்த்துக் கம்பியில் வைத்தார். கரி பிடித்ததும் வாசத்துக்கு இரண்டு கறுவாக் கட்டையைப் போட்டு மூடியை இறுக்கினார். வெப்பமானி முள் மெதுவாக ஏறி, அவர் நினைத்த இடத்தில் வந்து நின்றது. துவாரத்தை ஒரு நூலளவு மூடினார். முள் அசையவில்லை. காற்று வீசியது, தூறல் கூடப் போட்டது. முள் அசையவில்லை. நாசமாய்ப்போன அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரோடு மூன்று பொலிஸ்காரர்கள். பின்னால் கையில் விலங்கோடு மாஸ்டர். மூன்று நாள் தாடி, அதே சட்டை, ஒரு கண் வீங்கியிருந்தது. அவரைக் குசினிக் கதவடியில் நிற்க வைத்தார்கள். மாக்ரெட் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க விலங்கு இடம் கொடுக்கவில்லை. அவளே பிடித்துப் பருக்கினாள்.

இன்ஸ்பெக்டர் படத்தை விரித்துப் பரலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வெளிப்பக்கத்தில் கையை வைக்கச் சொன்னார் கொன்ஸ்ரன்ரைன். பயந்து பயந்து விரல் நுனியால் தொட்ட இன்ஸ்பெக்டர், பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தார்.

"நெருப்பு எரிகிறதா உள்ளே?"

கொன்ஸ்ரன்ரைன் மூடியைத் தூக்கினார். புகையும் மணமும் வளவு முழுவதும் பரவின. இறைச்சி மரப்பட்டை நிறத்தில் மினுமினுத்தது. வெட்டியபோது கத்தி தானாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் ஒரு துண்டு தின்றார். பிறகு பொலிஸ்காரர்களைக் கூப்பிட்டார். வாழையிலையில் வைத்து, நின்றபடியே நால்வரும் தின்றார்கள். மாஸ்டர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொன்ஸ்ரன்ரைனுக்கு இரத்தம் தலைக்கேறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு துண்டு வெட்டி வைத்தார்.

விரலைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் சிநேகமாகக் கேட்டார். "நீங்கள் எங்கட ஆள் மாதிரி அங்கிள். இந்த மாதிரி ஆட்களை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?"

கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். சோதனைச் சாவடியில் சிரிக்கிற அதே சிரிப்பு. நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னார். "சொல்வது சரி, சார். எனக்கும் அந்த ஆட்களைப் பிடிக்காது. நாங்கள் கொட்டாஞ்சேனைக்காரர், நாங்கள் வேறு. அவர்களால்தான் எங்களுக்கும் தொல்லை. ஆனால் இவன் அப்படியில்லை. இவன் ஒரு பாவம், எதற்கும் துணிவில்லாத பிராணி."

பொலிஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். விலங்கைக் கழற்றினார்கள். மிச்ச இறைச்சியையும் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப் போயிற்று.

ஜீப் சந்தி திரும்புமுன்னே கொன்ஸ்ரன்ரைன் தொடங்கிவிட்டார். "திருட்டு நாய்கள்! என்ர இறைச்சியையும் திண்டு, என்ர வீட்டு ஆளையும் அடிச்சு..." திட்டிக்கொண்டே திரும்பியபோது மாஸ்டர் அங்கே இல்லை. முன்னறையில் சூட்கேசைத் திறந்து உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாஸ்டர் போறீங்கள்?"

"வெள்ளவத்தையில லொட்ஜ் ஒண்டு இருக்கு அண்ணை. வியாழக்கிழமை மட்டும் அங்க இருப்பன்."

"ஏன்? அதுதான் எல்லாம் முடிஞ்சுதே!"

மாஸ்டர் சட்டை ஒன்றின் கையை மடித்தார். "எனக்குக் கதைக்கத்தான் வராது அண்ணை. சிங்களம் கேட்டா விளங்கும்."

கொன்ஸ்ரன்ரைனின் முகம் கறுத்தது. பிறகு வழக்கம்போல் குரல் ஏறியது. "உங்களை எடுக்கத்தானே மனுசா அப்பிடிச் சொன்னனான்! ரெண்டு நாள் நித்திரை இல்லை, கையப் பாருங்கோ! வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்கள் அவங்களிட்ட?"

"ஓம் அண்ணை. நீங்கள் இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்ச இல்லை. அது எனக்குத் தெரியும், சாகுமட்டும் மறக்க மாட்டன்." சூட்கேசின் பூட்டை அமுக்கினார். "ஆனா அதைச் சொல்ல நீங்கள் ஒரு நிமிசம் கூட யோசிக்கேல்லை. வாயில ரெடியா இருந்தது."

கொன்ஸ்ரன்ரைனுக்கு ஆத்திரம் நெஞ்சுவரை வந்து நின்றது, ஆனால் யார்மேல் அதைக் கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. குசினியில் மாக்ரெட் மூக்கைச் சீந்துகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து சூட்கேசைத் தூக்கினார்.

"நான் பஸ்சுக்குக் கொண்டுவந்து விடுறன். சந்தியில அந்தப் பொடியங்கள் நிப்பாங்கள்."

மாஸ்டர் அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். "வேண்டாம் அண்ணை. என்னோட வந்தா, உங்களையும் எங்கட ஆளெண்டு நினைப்பாங்கள்."

மாக்ரெட்டிடம் சொல்லிக்கொண்டு அவர் ஒழுங்கையில் இறங்கிச் சந்தியை நோக்கி நடந்தார். கொன்ஸ்ரன்ரைன் வாசற்படியில் நின்றார். ஒரு படி இறங்கினார். சந்தியில் சிப்பாய் கையைக் காட்டி மறிப்பதும், மாஸ்டர் சூட்கேசைத் தரையில் வைத்துத் திறப்பதும் அங்கிருந்தே தெரிந்தன. கொன்ஸ்ரன்ரைன் அதற்குமேல் இறங்கவில்லை.