சதுரச் சூரியன்

சதுரமான சூரியனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டுச் சுவரில் அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தேவனாம்பட்டினத்துக் கடலுக்கு மேலே, செங்கல் மாதிரி நான்கு மூலையோடு உதித்திருந்தது. பக்கத்தில் நின்ற லாத்தா, அதாவது என் அக்கா, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லாத்தாவைக் கட்டிய மச்சானுக்குக் கடலூரில் கைலி வியாபாரம். நானும் அவர் கடையில்தான் வேலை பார்த்தேன். அறுபதுகளின் நடுவில் பர்மாவுக்குச் சரக்கு போவது நின்றது. எங்களுக்கு நெய்தவர்களின் தறிகளும் நின்றன. அந்த நெசவுக்காரரும் அவர் மனைவியும் பண்ருட்டிக்கு முந்திரி உடைக்கப் போவதாக இருந்தார்கள். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டால் விரல் வெந்து தோல் உரியும். சொரசொரத்த விரல் தொட்டால் மெல்லிய இழை சிக்கி அறும். "ஒரு வருசம் அங்க போயிட்டு வந்தா, அந்தக் கை அப்புறம் தறிக்கு ஆவாதுடா" என்று லாத்தா புலம்பினாள். மச்சானிடம் சொல்லிப் பயனில்லை. அவரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கிடங்கு மூலையில் கழிவு நூல் மூட்டைகள் கிடந்தன. தறியில் நெடுக்கே கட்டிய பாவு நெய்து முடிந்ததும் மிஞ்சும் சாண் நீள முனைகள். விளக்குத் துடைக்கத்தான் ஆகும். அதைப் பலகையில் ஒட்டிப் படம் செய்து விற்கலாம் என்று லாத்தா கிளம்பினாள். படகு, தென்னை, சூரியன் என்று வளைவு நெளிவாக வரைந்து, பலகைகளை நெசவுக்காரரிடம் கொடுத்தாள். இதை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகத்தைவிட, அவர் எப்படிச் செய்வார் என்ற ஆவல்தான் எனக்கு ஜாஸ்தி.

அவர் பசையைத் தொடவே இல்லை. பலகையின் ஓரங்களில் சின்ன ஆணிகளை அடித்து, விரலில் சாம்பல் தொட்டுத் துண்டு நூல்களை முறுக்கி இணைத்து, பாவே கட்டிவிட்டார். குறுக்கே ஊசியால் கோத்திருந்தார். எந்த இடத்தில் இணைத்தார் என்று நகத்தால் தடவிப் பார்த்தேன், பிடிபடவில்லை. படகு, தென்னை, அலை எல்லாமே கைலிக் கட்டம். உருண்டையாகத்தானே வரைந்து கொடுத்தேன் என்று லாத்தா கேட்டாள். அவர் சங்கடத்தோடு, "நூலுக்குத் தெரிஞ்சது நெடுக்கும் குறுக்கும்தான் தங்கச்சி. ஒட்டுனா நாளைக்குப் பிச்சிக்கும், எம் பேரு கெட்டுடும்" என்றார்.

அவற்றை நான் ரயிலில் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனேன். லாத்தா தன் கையால் ஒட்டிய வட்டச் சூரியன்களும் கூடவே வந்தன. கீழவீதியில் பொம்மைக் கடை வைத்திருந்தவர் வட்டங்களை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, கட்டங்களை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே மாதிரி கோபுரம் வருமா என்று கேட்டார். வராமலா? கோபுரம் கட்டத்துக்கென்றே பிறந்தது. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். நெசவுக்காரர் பண்ருட்டி பஸ் ஏறவில்லை. லாத்தாவின் வட்டங்கள் எங்கள் அலமாரியிலேயே கிடந்தன. அதைச் சொல்லியே மச்சான் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

மறு வருடம் மலேயாவிலிருந்து கைலிக்கு ஆர்டர் வந்தது. சிதம்பரம் கடைக்காரரோ ஆருத்ரா தரிசனக் கூட்டத்துக்கு நிறையப் படங்கள் கேட்டிருந்தார். நூல் மூட்டையோடு குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். தெரு முனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. நெசவுக்காரர் தறிக் குழியில் காலை வைத்து மிதித்தபடி, துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கோவிச்சுக்காத தங்கச்சி. பாவு கெடக்கு, படத்துக்கு நேரமில்ல" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் லாத்தா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாள். பட வியாபாரம் படுத்துவிட்டதே என்று வருந்துகிறாள் என நினைத்து, சிதம்பரத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அது அவள் காதில் விழவில்லை. வேலை இல்லாத மாதங்களில் நாங்கள் எப்போது போனாலும் அந்த மனிதர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார். தன்னைவிட மூத்தவர் அப்படி நிற்பது லாத்தாவுக்குப் பொறுக்காது. சந்தோஷம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு நம்மளப் பாத்து அவரு எழுந்திரிக்கவே இல்ல, கவனிச்சியாடா?"