மஞ்சள் வெக்காத ரெண்டு துண்டு

மணியண்ணன் கடுதாசி எழுத உக்காந்தாருன்னா திருச்செங்கோடே அமெரிக்கா ஆயிரும்.

போர்க்கெணறு தோண்டற ரிக் கம்பெனி ஆபீசுல கிளார்க்குங்க அவரு. நான் அங்க டைப் அடிக்கறவன். வாசல்ல போர்வண்டிக வரிசையா நின்னு டீசல் பொகை கக்கும். உள்ள இவரு பேனா மூடியைக் கடிச்சுட்டு, கண்ணைப் பாதி மூடிட்டு, மூக்காலயே பேசுவாரு. "இந்நேரத்துக்கு அங்க பனி கொட்டும்டா. மெழுகுவத்தி எரியும். வாத்து எறகைச் சீவி மையில தொட்டு..."

"எங்கீங்கண்ணா?"

"வர்ஜீனியாவுல."

"நம்ம வண்டி நெல்லூர்ல பெல்ட் அந்து நிக்குதுங்க. அதுக்கு மொதல்ல எழுதுங்க."

எல்லாம் லைப்ரரியில எடுத்த ஒரு புஸ்தகத்தால வந்தது. அட்டையே கெடையாது அதுக்கு. அமெரிக்காவை ஆரம்பத்துல ஆண்ட பெரிய மனுசங்க ஒருத்தருக்கொருத்தரு எழுதிக்கிட்ட கடுதாசிகளைப் பத்தினது. ஒரு பத்தியில நாட்டு வெவகாரம் இருக்குமாம், அடுத்த பத்தியில கோதுமை, ஆடு, ஏரு, ஒடம்பு நோவு. மணியண்ணனுக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சு. அதுக்கப்பறம் கம்பெனிக் கடுதாசியும் அந்த தினுசுலதான். 'பெல்ட் நாளை புறப்படும். இங்கே வேம்பு பூத்திருக்கிறது.'

ஆந்திராவுல இருந்து மேனேஜர் டிரங்க் கால் போட்டுக் கத்துனாரு. "யோவ், எந்த நம்பர் பெல்ட்டுன்னு எழுதாம வேம்பு பூத்ததை எழுதியிருக்கறயே! வேம்பை எங்கய்யா மாட்டறது?"

இப்படி ஊருக்கெல்லாம் எழுதுன மனுசன் ஒருத்தருக்கு மட்டும் எழுதலை. டிரில்லர் அங்கமுத்துக்கு. பொண்டாட்டி புள்ளை இல்லாத மணியண்ணனுக்கு சிநேகிதன்னு இருந்ததே அந்த ஒரு ஆளுதான். பேசி ஏழு வருசமாச்சு. அதுக்குக் காரணமும் ஒரு கடுதாசிதான்.

எழுவத்தி ஏழுல ராசிபுரத்துப் பக்கம் போர் போடறப்ப தொளைக்கற இரும்பு ராடு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. மணியண்ணன் ஓனருக்கு ஒரே வரி எழுதுனாரு. 'டிரில்லர் தூங்கிவிட்டதால் ராடு மாட்டியது.' நெசந்தான். மகளுக்குக் காச்சல்னு அங்கமுத்து ரெண்டு நாளா கண்ணே மூடலைங்கறதும் நெசந்தான். அதை எழுதலை. ஓனரு அவரை ஆந்திரா வண்டிக்குத் தள்ளி உட்டுட்டாரு. அப்பறம் ஊருக்கு வந்தாலும் அங்கமுத்து ஆபீஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்கறதில்லை.

எம்பத்தி நாலு பொறந்த அன்னைக்கு மணியண்ணன் எங்கிட்ட ஒரு கதை சொன்னாரு. ஆடம்சு, ஜெபர்சன்னு ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஜனாதிபதியா இருந்தவங்க. பதினோரு வருசம் மொகம் குடுக்காம இருந்தாங்களாம். ஒரு புதுவருசத்தன்னைக்கு ஆடம்சு, 'நம்மூர்ல நெய்த துணி ரெண்டு அனுப்பறேன்'னு எழுதுனாராம். விளையாட்டுக்குச் சொன்னது, அனுப்புனது மகன் எழுதுன புஸ்தகம். பார்சல் போறதுக்கு முன்னாடியே கடுதாசி போயிருச்சு. ஜெபர்சன் துணின்னே நம்பி, எங்க பக்கமும் ஊட்டுக்கு ஊடு நெய்யறோம்னு பதில் எழுதுனாராம். அப்பறம் சாகற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தாங்களாம்.

சொல்லி முடிச்சுட்டு ஜன்னலையே பாத்துட்டிருந்தாரு. வெளிய போற லாரியெல்லாம் அவரு கண்ணுக்குத் தபால் குதிரையாட்டத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த நாளே சந்தையில ரெண்டு கைத்தறித் துண்டு எடுத்தாரு, தும்பைப்பூவாட்ட வெள்ளை. நெல்லூர் போற வண்டியில டிரைவர் கையில குடுத்தனுப்புனாரு. கடுதாசியைத் தனியா தபால்ல போட்டாரு.

எங்க பக்கம் புதுத்துணி யாருக்குக் குடுத்தாலும் ஓரத்துல துளி மஞ்சள் தொட்டு வெக்கோணும். மஞ்சள் இல்லாத வெள்ளைத்துணின்னா அது பொணத்துக்குப் போத்தற கோடி. அவரு ஊட்டுல எடுத்துச் சொல்ல ஆளில்லை. பொட்டலம் கட்டறப்ப பக்கத்துல இருந்த எனக்கும் தோணலை. அவரு சொக்கிப் போன மொகத்தை ஆபீசுல மத்தவங்களுக்கு நடிச்சுக் காட்டறதுலயே நான் இருந்துட்டேன்.

வண்டி ஆளுக தங்கற கேம்ப் மாறிப் போனதுல கடுதாசி எங்கியோ சுத்திக்கிட்டிருந்துச்சு. துண்டு மட்டும் நேராப் போய்ச் சேந்துருச்சு.

அஞ்சாம் நாள் உச்சி வெயில்ல அங்கமுத்து ஆபீசுக்குள்ள வந்தாரு. துண்டை மேசை மேல வீசுனாரு.

"ஏன்டா மணியா, நான் செத்தாடா போயிட்டேன்? உசுரோட இருக்கறவனுக்குக் கோடி போடறயா?"

மணியண்ணன் எந்திரிச்சுட்டாரு. "கோடியா? ஐயோ, இல்லடா... வர்ஜீனியாவுல..."

"எவடா அவ?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அங்கமுத்து மொகத்தைப் பாத்து அடக்கிக்கிட்டேன்.

"கேம்ப்புல அத்தனை பேரு முன்னால பிரிச்சேன்டா. சமையக்காரன் தலைத்துண்டை அவுத்துட்டு, 'யாருங்கண்ணா போயிட்டாங்க'ங்கறான். என்னன்னு சொல்லுவேன்?"

"மஞ்சள் வெக்க மறந்துட்டேன் அங்கமுத்து. சத்தியமா. நீ மறுக்காப் பேசோணும்னுதான் அனுப்புனேன். கடுதாசியும் போட்டிருக்கறேன்."

"எழுதி எழுதித்தானடா என்னைத் தொலைச்ச!"

இந்தத் தடவை மணியண்ணன் மூக்கால பேசலை. அந்தக் கொரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதேயில்லை.

"ரெண்டு நாள் நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும். நீளமா எழுதுனா ஓனரு படிக்க மாட்டாருன்னு அதை உட்டுட்டேன். தப்புத்தான்."

"இப்ப எழுது."

"ஏழு வருசம் ஆச்சேடா."

"எழுது. நிக்கறேன்."

எழுதுனாரு. அங்கமுத்து தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே, "மகளுக்குக் காச்சல்னு போடு. பேரைப் போடு. ஆராயி"ன்னாரு. அதையும் எழுதுனாரு. அங்கமுத்து கடுதாசியை மடிச்சுச் சட்டை ஜோப்புல வெச்சுக்கிட்டு, ஓனரு ஊட்டுக்கு அவரே கொண்டு போனாரு. ஓனரு என்ன சொன்னாருன்னு எங்களுக்குத் தெரியாது. அன்னைக்குப் பொழுதோட அங்கமுத்து ஆந்திரா வண்டி ஏறிட்டாரு. போறப்ப "வாரேன்"னு கூடச் சொல்லலை.

மணியண்ணன் அதுக்கப்பறம் எதுலயும் ஒட்டலை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா மட்டும் தலையைத் தூக்குவாரு. பதினேழு நாள் ஆச்சு. ஒரு மத்தியானம் வந்துச்சு, செவப்பு மண்ணுக் கைரேகையோட ஒரு இன்லண்ட் லெட்டர்.

'நூத்தி எம்பது அடியில தண்ணி. டிரில் பிட் தேஞ்சு போச்சு, வேற அனுப்பு. இங்க பக்கத்துக் காட்டுல மொளகா பழுத்துக் கெடக்குது. நீ சாப்பிட்டியா?'

மூணு தடவை படிச்சாரு.

"சாப்பிட்டியான்னு கேட்டிருக்கறான்டா."

மணி மூணு ஆயிருந்துச்சு. இன்னும் சாப்பிடலைன்னு அப்பத்தான் அவருக்கு நெனப்பு வந்துச்சு. கடுதாசியை எதுத்தாப்புல விரிச்சு வெச்சுக்கிட்டு, சோத்துத் தூக்குப்போசியைத் தொறந்தாரு.