பதினெட்டு மேடுகள்

எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்களில், மருதமுனையில் ராத்தா வீட்டில் தங்கி, ஆய்வுக்காக வயல் எலிகளை அறுத்துக்கொண்டிருந்தேன். ராத்தா என் மூத்த சகோதரி, கைத்தறி நெய்பவள். எலி என்றாலே அவளுக்குக் குமட்டும். "படிச்சிப் படிச்சிக் கடைசியா எலிக் குடலுக்குள்ள போய்ச் சேந்திட்டாய்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள்.

அறுவடையில் வெட்டுக்காரர் நாலு பக்கமும் அறுத்து உள்ளே வர வர, எலிகள் நடுவில் மிஞ்சிய கதிருக்குள் ஒதுங்கும். நிந்தவூர் வயலில் அப்படிப் பிடித்த எலிகளின் குடலில்தான் அந்த உருளைப்புழு கிடைத்தது. சிவப்பு, சுருள், ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. ஆண்புழுவின் வால் எந்த நூலில் உள்ள படத்தோடும் பொருந்தவில்லை. உலகத்தில் யாரும் கண்டிராத ஓர் உயிர், நான் சிறுவயதில் இருந்து மிதித்துத் திரிந்த வயலில்!

என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் அவசரப்படவில்லை. புழுவின் உடல் நெடுக ஓடும் மேடுகளை எண்ணச் சொல்லிக் கடிதம் போட்டார். தெரிந்த இனத்துக்குப் பதினாறு; என் புழுவுக்கும் பதினாறு என்றால் அது புதிது இல்லை.

பிளேடால் புழுவைக் குறுக்கே மெல்லிய வட்டமாகச் சீவி, நான் படித்த பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். வட்டத்தின் விளிம்பில் மேடுகள் நெருக்கமாக நின்றன. எண்ணினேன்: பதினாறு. மறுபடி எண்ணினேன்: பத்தொன்பது. மூன்று நாளாக இதே கூத்து. நாலாம் நாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ராத்தா தறியை விட்டு எழுந்து வந்தாள். "தள்ளு, நான் பாக்கன்."

ஒற்றைக் கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"சுப்ஹானல்லாஹ்! இந்தச் சின்ன உடம்புக்குள்ள இப்படி ஒரு வேலையா?" என்றாள். பிறகு கேட்டாள்: "நீ எங்க இரிந்து எண்ணத் தொடங்கின?"

"எங்க இரிந்தும்தான்."

"வட்டத்துக்கு முனை ஏது? ஒரு அடையாளம் வெச்சித்தானே எண்ணோணும். நாங்க தறிக்குப் பாவு நூல் ஓடக்குள்ள எண்ணிக்கைக்கு நிற நூல் வெக்கிறல்லயா?"

எல்லாவற்றிலும் பெரிய மேட்டை அடையாளமாக வைத்து வாய்க்குள் எண்ணினாள். பின் அங்கிருந்தே எதிர்ப்பக்கமாக எண்ணினாள். பதினெட்டு. இன்னும் ஐந்து புழுக்களைச் சீவிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் பதினெட்டு. யாரும் பார்க்காத அந்த இருட்டுக் குடலுக்குள் ஒரு மேடு கூடாமல் குறையாமல் ஒவ்வொரு புழுவும் வளர்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ராத்தா மூக்கைப் பொத்த மறந்துவிட்டாள்.

அந்தப் புதுப் புழுவைப் பற்றிய என் கட்டுரை அச்சாகி வந்ததும் அவளிடம் கொண்டுபோனேன். இங்கிலீசு அவளுக்குத் தெரியாது. படத்தைக் கண்டதும் பெரிய மேட்டில் விரலை வைத்து எண்ணி முடித்தாள்.

"சரியாத்தான் போட்டிரிக்காய். நான் எண்ணினது எண்டும் எழுதியிரிக்காயா?"

பேராசிரியருக்கும் நுணுக்குக்காட்டி தந்த பள்ளிக்கூடத்துக்கும் நன்றி சொல்லியிருந்தேன். தறிக்காரி எண்ணினாள் என்றால் யார் நம்புவார் என்று பயந்து அவளை விட்டுவிட்டேன்.

"ஓம் ராத்தா" என்றேன்.

"எங்க, காட்டு பாப்பம்."

பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். அவள் அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.